சுருதி சேர்ப்பவரையும் குறிப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பியானோ கலைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை சிறப்பாக இருந்தது; ஆனால் அக்கருவிக்குச் சுருதி சேர்ப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது. வயலின் வாசிப்பவர் தம் கருவிக்குத் தாமே சுருதி சேர்த்துக்கொள்வார். 88 கட்டைகளும் 200-க்கும் மேற்பட்ட கம்பிகளும் கொண்ட பியானோவை வாசிப்பவரோ, பெரும்பாலும் இன்னொருவரின் செவியை நம்பியே மேடையேறுகிறார்.

பியானோவின் பெரும்பாலான கட்டைகளுக்குத் தலா மூன்று கம்பிகள் உண்டு. சுருதி சேர்ப்பவர் அவற்றில் இரண்டை ஒலிக்காமல் அடக்கி, எஞ்சிய ஒன்றை முதலில் சரிசெய்வார்; பிறகு அடுத்த கம்பியை விடுவித்து, இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் ஒலி ஏறி இறங்குவதாக எழும் அலையடிப்பு மெல்லத் தணிந்து அடங்கும்வரை, கம்பியை இறுக்கும் முளையைத் திருப்புவார். அந்தத் திருப்பம் கண்ணுக்கே புலப்படாத அளவு நுண்மையானது. அதைவிடக் கடினமானது, எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் இசை பிசகாதிருக்க, ஸட்ஜ பஞ்சம (ஸ-ப) இடைவெளி ஒவ்வொன்றையும் இம்மியளவு குறுக்கி 12 ஸ்வரங்களையும் சமமாக அமைப்பது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்த சுருதியும், காற்றின் ஈரப்பதம் மாறி கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரத்தாலான ஒலிப்பலகை உப்பிச் சுருங்கும்போது விலகிவிடுகிறது.

எனவே, கச்சேரி விமர்சனங்களில் கலைஞரின் பெயரோடு சுருதி சேர்த்தவரின் பெயரையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பியானோ கற்பிக்கும் ஆசிரியர்களும், சுருதி சேர்க்கும் பணி நடக்கும்போது மாணவர்களை அருகில் இருந்து கேட்கச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்