சுறாவைக் கடலுக்குள்ளும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பன், மண்டபம் மீன் இறங்குதளங்களுக்கு வரும் சுறா, திருக்கையைக் கணக்கெடுக்கிறார்கள், சரி, ஆனால் வலையில் சிக்கியதைத்தான் அது சொல்லும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்லாது. இரை கட்டிய கேமராவைக் கடலடியில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரே சமயத்தில் படத்தில் தெரியும் அதிகபட்ச எண்ணிக்கையைக் குறிக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. மீனைக் கொல்லவே வேண்டாம். இங்கேயும் அதைச் செய்ய வேண்டும், தண்ணீர் தெளிந்திருக்கும் மாதங்களில்.

பெரும்பாலான சுறாக்கள் மெதுவாக வளர்ந்து சில குட்டிகளையே போடும், குறைந்துவிட்டால் மீள வெகுகாலம் ஆகும். ரம்பம் போல நீண்ட மூக்குள்ள, திருக்கை இனத்தைச் சேர்ந்த வேளா மீனுக்கு 2001 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் எங்கள் பக்கத்து இளைஞர்களில் அதைப் பார்த்தவர் அரிது. அப்புறம், திருக்கை வலை போடும் மீனவர்களையும் கூலி கொடுத்து இதில் சேர்க்க வேண்டும், எந்தப் பாறை ஓரம் எது திரியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

- ஒரு வாசகர், மண்டபம்