ஊசி குத்துகிற மாதிரி

மடிப்பாக்கம், சென்னை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்று படித்ததும் நிம்மதி. ஆனால் பையனுக்கு அடிக்கடி 'சுருக்'கென்று தலை வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே மனம் நின்றுவிட்டது. போன ஆடியில் நானும் இதே பாடுதான் பட்டேன்.

சின்னவள் பாண்டி ஆடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு "ஊசி குத்துதும்மா" என்பாள். நான் தைலத்தை எடுத்து வருவதற்குள் வலி போய், மறுபடி கட்டத்தில் குதித்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் ராத்திரித் தூக்கம் போனது. பத்து நாள் பார்த்துவிட்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஸ்கேன் பேச்சையே எடுக்கவில்லை. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். சில வினாடி குத்திவிட்டுப் போகிற வலி, மற்ற நேரம் பிள்ளை நன்றாக இருந்தால், பெரும்பாலும் ஆபத்தில்லையாம். ஒற்றைத் தலைவலி குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் பயப்படச் சொன்னவை வேறு. வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், காலையில் வாந்தியோடு வந்தால், இருமும்போது கூடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், வாரத்துக்கு வாரம் அதிகமானால் தள்ளிப்போடாதே. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம் என்றாலோ உடனே 108-ஐக் கூப்பிடு.

பாராசிட்டமால் கொடுத்தால் எடைக்குத் தக்க அளவு கேட்டுக்கொண்டு கொடு. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் மாத்திரை போனால், அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடுமாம்.

அப்புறம், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் தினமும் குறித்து வைத்தேன். குத்து வலி தானாகவே குறைந்தது. ஆனால் சாயங்காலம் மந்தமாக வலித்த நாட்களில் எல்லாம், பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பியிருந்தது. எழுதாமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

உன் பையனுக்கு வலி காலையிலா, மாலையிலா என்று நீ எழுதவில்லை. வாந்தி உண்டா என்றும் சொல்லவில்லை. இதற்குப் பதில் கடிதம் வேண்டாம், இன்றைக்கே போன் பண்ணு.

உன் பழைய பெஞ்சுத் தோழி