ஆடிப்பெருக்கு: வீட்டுக்கு வீடு சாப்பாடு

அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. இந்த முறை மொட்டை மாடியில் கேட்டரிங் பந்தி கிடையாது. அதில் சாப்பிடுகிறோமே தவிர, யாரும் யாரோடும் பேசுவதில்லை. அதனால் அன்று இரவு 7.30 மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலேயே சாப்பாடு.

1. ஏ2, ஏ7, பி1, பி4, பி9 வீட்டுக்காரர்கள் அழைக்கிறார்கள். இன்னும் இரண்டு வீடு கிடைத்தால் நெருக்கடி இருக்காது.

2. யார் எந்த வீட்டுக்கு என்பது சீட்டுக் குலுக்கல்தான். ஒரே மாடிக்காரர்களைச் சேர்த்துப் போட மாட்டோம். படி ஏற முடியாத பெரியவர்களுக்கு மட்டும் தரைத்தளம், பி1.

3. அழைப்பவர்கள்: புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் போதும். தயவுசெய்து சமையல் போட்டி ஆக்கிவிடாதீர்கள்!

4. போகிறவர்கள்: வடாம், அப்பளம், ஊறுகாய் ஏதாவது ஒன்று. ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். அவரவர் தட்டு, டம்ளர் கொண்டுபோங்கள். கழுவுகிற வேலை ஒரே வீட்டின் தலையில் விழக் கூடாது.

5. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், புளியோதரையில் கட்டாயம் இருக்கும்.

ஜூலை 30 இரவுக்குள் வீட்டு எண்ணும் எத்தனை பேர் என்பதும் இங்கே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று தெரியாது.