போலீஸுக்கும் துணை வேண்டும்

ஐயா, காவல்துறைக்கு நிதி கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கை பற்றிய செய்தி படித்தேன். புது வண்டி, புதுக் கட்டடம் எல்லாம் சரி, ஆனால் போலீஸைக் கூப்பிடுகிற பல விஷயங்கள் லத்தியால் தீராதவை. வடசேரி பேருந்து நிலையத்தில் மனநலம் பாதித்த ஒருவர் சட்டையைக் கழற்றி வீசிக் கத்திக்கொண்டிருந்தார். வந்த பெண் காவலர் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் போனும் கையுமாக நின்றார், பாவம்.

இப்படிப்பட்டவர்களை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போலீஸின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். கடமை சரி, கூட வர ஆள் வேண்டாமா? அந்த நிதியில் ஒரு பங்கை எடுத்து நாகர்கோவில், தக்கலை, குளச்சல் எனப் போலீஸ் உட்கோட்டத்துக்கு ஒரு மனநல ஆலோசகரையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு வண்டியையும் கொடுக்கலாம்.

- ஒரு வாசகர், நாகர்கோவில்