வாசற்படியில் ஒரு பூசணிக்காய்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு நிமிடத்தில் பிரசங்கத்தில் இறங்கிவிடுவேன், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய். காகிதத்திடம் அப்படித் தப்ப முடியாது. எனக்கும் முடியாது.

நீ அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். நான் போனை வைத்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

உன்னைவிட இரண்டு ஆண்டு பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் துறைத்தலைவராகிவிட்டாள். நீ எல்லோருக்கும் முன்னால் சிரித்தபடி வாழ்த்துச் சொன்னாய், பிறகு ஓய்வறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாய். அன்று முதல் ஜெபிக்கக் கண்ணை மூடினால் அவள் முகம்தான் வருகிறது என்றாய். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நீ கடைசியில் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நான் இதுவரை யார்மேலும் பொறாமைப்பட்டதே இல்லையேப்பா." கண்ணு, அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகள் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் இடையில் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

2003-இல் தாத்தா இறந்த பிறகு ஆறு ஏக்கர் மாந்தோப்பைப் பிரித்தோம். அப்போது நாம் தர்மபுரி மாவட்டம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. மாவட்டத்தைப் பிரித்தபோது கூட அவ்வளவு முகச்சுளிப்பு இருந்திருக்காது. மூத்தவன் என்ற உரிமையில் நான் முதலில் எடுத்தேன். மேற்குப் பக்கம் அல்போன்சா, கிழக்குப் பக்கம் பெங்களூரா. யோசிக்கவே இல்லை, அல்போன்சா என்றேன். அது மணக்கும் பழம், பெட்டியில் அடுக்கி வைக்கோல் போட்டு அனுப்பும் பழம், பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போகும் பழம். பெங்களூரா என்ன, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிற கிளிமூக்கு மாங்காய்தானே என்று நினைத்தேன். ஆபிரகாம் மூத்தவனாக இருந்தும் தன் சகோதரன் மகன் லோத்தைப் பார்த்து, "நீ இடதுபுறம் போனால், நான் வலதுபுறம் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றதை நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததை நீ வளர்ந்தபோது பார்த்திருக்கிறாய். அல்போன்சா ஓராண்டு கொட்டினால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். பெங்களூரா ஆண்டு தவறாமல் காய்க்கும். நம் ஊர்ப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அவை டன் கணக்கில் கேட்டது பெங்களூராவைத்தான். சித்தப்பா வீட்டில் முதலில் ஓட்டுக்கூரை போய் மாடி வந்தது, பின் டிராக்டர் வந்தது. நான் ஒவ்வொரு தை மாதமும் என் மரங்களில் பூ வந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிற சாக்கில் வரப்பில் நின்று அவன் மரங்களைப் பார்த்தேன். என் மரத்தில் பூ இல்லாததைவிட அவன் மரத்தில் பூ இருந்ததே கண்ணை உறுத்தியது.

அல்போன்சாவை நான்தானே எடுத்தேன்? என்னை யாரும் ஏமாற்றவில்லை. என் பெருமை எடுத்தது, அதற்குரிய விலையை என் பொறாமை கட்டியது. இரண்டும் வேறு வேறு நோய் என்று பிரசங்கங்களில் தனித்தனியாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒன்று வேர், மற்றொன்று காய்.

நீதிமொழிகளில் "பொறாமையோ எலும்புருக்கி" என்று வருகிறதல்லவா. என் பாட்டி காலத்தில் காசநோயைத்தான் எலும்புருக்கி என்பார்கள். அந்த நோய்க்காரன் முதலில் படுத்துவிட மாட்டான். சந்தைக்குப் போவான், கோயிலுக்கு வருவான், நன்றாக இருக்கிறேன் என்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். சபையில் காணிக்கைத் தட்டு ஏந்தினேன், பாடம் நடத்தினேன். போதாக்குறைக்கு, எங்கள் குடும்பம் ஆதிக் குடும்பம் என்ற மிதப்பு வேறு. 1895-இல் மிசோரி லூத்தரன் மிஷன் இந்தியாவில் தன் வேலையைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரியில்தான், நேத்தர் என்ற மிஷனரி வந்து தங்கிய ஊர் இது, அந்தக் காலத்திலேயே நாங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். அதில் என் உழைப்பு ஒரு துளி உண்டா? யாரோ ஒரு முப்பாட்டன் தலையில் விழுந்த தண்ணீருக்கு நான் நூறு ஆண்டு கழித்து மார்தட்டிக்கொண்டேன்.

இப்போது பூசணிக்காய்க்கு வருகிறேன். நீ அப்போது விடுதியில் இருந்தாய்.

2012 அறுப்பின் பண்டிகை. ராகி அறுவடை முடிந்த சமயம். ராகி மூட்டை, அவரைக்காய், தேங்காய்க் குலை, கோழி, முட்டை என்று கோயில் முன்பந்தலில் குவிந்திருந்தது. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. நம் தோப்பில் களையெடுக்க வருவாரே ஒரு பாட்டி, அவர் தன் வீட்டுக் கூரையில் படர்ந்த வெள்ளைப் பூசணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். நூறு ரூபாய் என்று சித்தப்பா கேட்டான். அந்தப் பாட்டி அவன் தோப்பிலும் வேலை செய்பவர், ஆசையாகத்தான் கேட்டிருப்பான். நான் இருநூறு என்றேன். அவன் சிரித்துக்கொண்டே முந்நூறு என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்நூறு என்றேன். ஆயிரத்தைத் தாண்டியதும் பந்தலில் கைதட்டல் எழுந்தது, "அண்ணனும் தம்பியும் ஆண்டவருக்குப் போட்டி போட்டுக் கொடுக்கிறார்கள்" என்று யாரோ மைக்கில் சொன்னார். 3,700 ரூபாயில் அவன் கையை விரித்துவிட்டான். பூசணிக்காய் எனக்கு வந்தது. ஸ்தோத்திரம் என்றேன் என்று நினைக்கிறேன். உன் விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. அம்மா தன் வளையலை அடகு வைத்து உனக்கு அனுப்பினாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. பூசணிக்காயை வீட்டுக்குள் எடுத்துப் போகவும் இல்லை. வாசற்படியின் ஓரமாக வைத்துவிட்டாள். வெள்ளைப் பூசணி லேசில் அழுகாது, மாதக்கணக்கில் கிடக்கும். கோயிலுக்குப் போகும்போது அதைத் தாண்டிப் போவேன், வரும்போது தாண்டி வருவேன். பால் ஊற்ற வருகிறவர் ஒருநாள், "என்ன சார், நீங்களும் திருஷ்டிக்கு வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். பிறர் கண் நம்மேல் பட்டுவிடக் கூடாது என்று ஊரார் பூசணி கட்டுகிறார்கள். என் வாசலில் கிடந்ததோ என் கண் செய்த வேலை. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் காயீன், ஆபேல். நான்தான் நடத்த வேண்டும். முந்தின இரவு ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தை எடுத்தேன். உலகத்தின் முதல் கொலை குடிவெறியில் நடக்கவில்லை, பசியில் நடக்கவில்லை, காணிக்கை கொடுத்த இடத்தில் முளைத்தது. காயீன் கொண்டுவந்தது நிலத்தின் கனிகள், என்னைப் போல விவசாயி. அவனும் மூத்தவன். தம்பி ஆபேலின் காணிக்கையைக் கர்த்தர் ஏற்றுக்கொண்டார், காயீனுடையதை ஏற்கவில்லை. (வேதத்தில் மூத்த பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். காயீன், ஏசா, கெட்ட குமாரனின் அண்ணன்.) கர்த்தர் அவனைச் சபிப்பதற்கு வெகு முன்பே கேட்கிறார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" ஏன் என்று கேட்கிறவர், பதில் சொல்ல நேரமும் தருகிறார். காயீன் பதிலே சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்" என்று வந்தபோது வேதத்தை மூடிவிட்டு வெளியே போனேன். நிலா வெளிச்சத்தில் அது சாம்பல் பூத்து, உருண்டையாகப் படுத்துக் கிடந்தது. சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. திருந்தவில்லை. பாடத்தை நன்றாக நடத்தினேன், அவ்வளவுதான்.

நான் செய்த காரியத்தைக் கேள். ஓய்ந்த ஆண்டிலும் காய்க்க வேண்டுமென்று அல்போன்சாவுக்குப் பூக்க வைக்கும் மருந்தை வேரில் ஊற்றினேன், அளவு மீறி, அடுத்தடுத்த ஆண்டுகளில். முதல் ஆண்டு பூத்துத் தள்ளியது. மூன்றாம் ஆண்டு துளிர் சிறுத்துக் கொத்துக்கொத்தாக நின்றுவிட்டது. மரம் தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிட்டால் இலைக்கு என்ன மிச்சம்? இராத்திரி பதினொரு மணிவரை கணினி முன்னால் உட்கார்ந்து ஒரே ஆண்டில் மூன்று கட்டுரை எழுதி முடிக்கப் போகிறேன் என்றாயே, அப்போது எனக்கு அந்த மரங்கள் நினைவுக்கு வந்தன. கட்டுரை எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் காட்டுவதற்காக எழுதாதே.

பிறகு 2016-இல் சந்தூருக்குப் போய் அறுபது ஒட்டுச்செடி வாங்கி வந்து நட்டேன். என்ன செடி? பெங்களூரா. வெட்கம் பார்த்தால் முடியுமா? அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 தொடக்கத்தில் தமிழகம் முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். நம் ஆழ்துளைக் கிணற்றில் காற்றுதான் வந்தது. பெரிய மரங்கள் தாங்கும், செடி தாங்குமா? மாசி மாதம் முடிவதற்குள் பாதி கருகும் நிலை. தம்பியின் கிணற்றில் தண்ணீர் இருந்தது. கேட்கலாம். கேட்பதைவிடச் செடி கருகுவதே மேல் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் நடுநிசி தாண்டி நாய் குரைத்தது. மும்முனை மின்சாரம் அப்போதெல்லாம் இரவில்தான் வரும். டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வரப்பைத் தாண்டி ஒரு குழாய் என் நிலத்துக்குள் வந்திருந்தது. உன் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் செடிகளுக்கு ஒவ்வொரு பள்ளமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நான் டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன். என் சொந்த நிலத்தில், திருடனைப் போல. மூன்று இரவு அப்படி நின்றேன்.

பேதுரு இயேசுவிடம், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று சொன்னது தாழ்மை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த மரத்தின் பின்னால் நின்றபோது அது தாழ்மை இல்லை என்று தெரிந்தது. கொடுக்கிற கை மேலே இருக்கும், அதனால் கொடுப்பது எனக்குச் சுலபம், பூசணிக்காய்க்கு 3,700 கொடுப்பது கூடச் சுலபம். வாங்கிக்கொள்வதற்குத்தான் உள்ளே பலம் வேண்டியிருந்தது. அந்தப் பலம் என்னிடம் இல்லை.

நான்காம் இரவு போய்க் குழாயின் மறுமுனையைப் பிடித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது நிரம்பிவிட்டது, அடுத்ததற்கு மாற்று" என்றான். மாற்றினேன். விடியும்வரை வேறு பேச்சு இல்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். இன்றுவரை கேட்கவில்லை. அறுபதில் நாற்பத்தாறு செடி பிழைத்தது.

"உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்று பவுல் எழுதுகிறார். அந்த நாளுக்குநாள் என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன். ஒரே மழையில் கிணறு நிரம்புவது போல ஒரே ஜெபத்தில் பலம் வந்து தங்கிவிடும் என்று எதிர்பார்த்துத்தான் பலமுறை சோர்ந்துபோனேன். சென்ற ஆனி மாதம் கூடத் தொழிற்சாலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றபோது, அவன் சரக்குக்கு என் சரக்கைவிடக் கிலோவுக்கு ஐம்பது பைசா கூடக் கொடுத்தார்கள். சுருக்கென்றது. எழுபதை நெருங்குகிறேன், ஐம்பது பைசா! வீட்டுக்கு வந்து அவனுக்காக ஜெபித்தேன். அவன் மரத்தில் தத்துப்பூச்சி விழக்கூடாது, அவன் முட்டிவலி குறைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி. இதைத் தொடங்கிய புதிதில் என் வாய் பொய் சொல்வது எனக்கே கேட்டது. கர்த்தருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் விடவில்லை, இப்போது பாதிக்குப் பாதி உண்மையாக வருகிறது.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி போதாது. யோவான் கடைசி அதிகாரத்தை மட்டும் ஒருமுறை படி. பேதுரு திரும்பி, பின்னால் வருகிற இன்னொரு சீஷனைக் கண்டு, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று கேட்கிறான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்கிறார் இயேசு. எத்தனையோ முறை எனக்கு அது அதட்டலாகக் கேட்டிருக்கிறது. அன்று இரவு தம்பி, "அடுத்ததற்கு மாற்று" என்று சொன்ன குரலில் படித்துப் பார், வேறு மாதிரி கேட்கும்.

அம்மா ஆவக்காய் ஊறுகாயும் ராகி மாவும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன். சித்தப்பா உனக்குப் பத்துக் கிளிமூக்கு மாங்காய் கொடுத்திருக்கிறான், வழியில் பழுத்துவிடாமல் இருக்கக் கெட்டிக் காயாகப் பார்த்துப் பறித்தது. இரண்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

இன்னொன்று. என் வேதாகமத்தின் பின்னட்டையில் ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர் எழுதி வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். நாற்பது நிமிடம் பேசினாய், "அவள், அவள்" என்றே சொன்னாய். நானும் பல ஆண்டுகள் உன் சித்தப்பாவை "கிழக்குத் தோப்புக்காரன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் என்ன? அடுத்த முறை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா