வெயிலுக்கு ஏற்ற வாட்ச் பெல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி வெயில் வந்தால் மோர் குடியுங்கள், பருத்தி உடுத்துங்கள், உச்சி வெயிலில் அலையாதீர்கள் என்று வருடம் தவறாமல் எழுதுகிறீர்கள், நல்லதுதான், ஆனால் கையில் கட்டுகிற வாட்ச் பெல்ட்டைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். போன மே மாதம் எனக்கு வேர்க்குரு கிளம்பிய இடம் முதுகு இல்லை, இடது மணிக்கட்டு.

நான் வேலூரில் டவுன் பஸ் நடத்துநர். வெயிலூர் என்று கேலி பேசுவார்களே, அதே ஊர்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே இல்லை. ஒரு கையில் டிக்கெட்டும் சில்லறையும், இன்னொரு கை கம்பியில், இதில் நேரம் பார்க்க செல்போனை எங்கே எடுப்பது? வாட்ச் கட்டியே ஆகவேண்டும். கட்டியிருந்தது கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச். பழைய பெல்ட் அறுந்துபோனதால் நல்ல தடிமனான தோல் பெல்ட்டாகப் பார்த்து மாட்டினேன். கையை இறக்கினால் முழங்கையிலிருந்து வழிகிற வியர்வை நேராக வந்து அதில்தான் தங்கும். இரண்டே மாதத்தில் உள்பக்கம் கறுத்து, உப்புப் பூத்து, ராத்திரி கழற்றி வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நாற்றம். ஒருநாள் ஆத்திரத்தில் சோப்பு போட்டுக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தேன், அப்பளம் மாதிரி விறைத்து, ஓட்டை இருந்த இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு தோலைக் குறை சொல்கிறானே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தோல் மார்கழிக்குச் சரி, சித்திரைக்கு இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டுநர் கதை வேறு. அவர் செயின் வாட்ச் ஆசாமி. தள்ளுவண்டியில் வாங்கிய செயின், முலாம் தேய்ந்ததும் கையைச் சுற்றிச் சிவப்பாக வளையம் போட்டதுபோல் அரிப்பு. தோல் டாக்டர் பார்த்துவிட்டு நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். வியர்வை படப்பட மட்டமான உலோகத்திலிருந்து நிக்கல் கசிந்து தோலில் இறங்கும். 316எல் என்று சொல்கிற நல்ல ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் அது லேசில் வெளியே வராது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கடி.

அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர்தான் எனக்கு விவரம் சொன்னார். நைலான் பெல்ட் போடுங்கள் என்றார். ஒரே நீளத் துணி, வாட்சின் இரண்டு முனையிலும் பெல்ட்டைப் பிடிக்கிற சின்னக் கம்பி இருக்கிறதே, பின் என்பார்கள், அந்த இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைத்துக் கட்டுவது. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973-இல் வரையறுத்த மாதிரியாம் இது. ஒரு பின் தெறித்தாலும் இன்னொரு பின்னில் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும், கீழே விழாது, கூட்ட பஸ்ஸில் இது பெரிய விஷயம். ராத்திரி குளிக்கும்போது துணிசோப்பில் கசக்கிக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். ஒரு குறை, வாட்சுக்கு அடியிலும் துணி ஓடுவதால் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், முழுக்கைச் சட்டைக்காரர்களுக்கு இடிக்கும்.

ரப்பர் மாதிரி இருக்கிற சிலிகோன் பெல்ட்டும் கட்டிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்காது, நாறாது, சரி, ஆனால் உள்ளே சேர்ந்த வியர்வை போக வழியில்லாமல் கையில் பிசுபிசுவென்று நிற்கிறது, தூசி வேறு ஒட்டுகிறது. வாங்குவதானால் உள்பக்கம் வரிவரியாகப் பள்ளமோ, வரிசையாக ஓட்டையோ இருப்பதாகப் பாருங்கள். செயின்தான் வேண்டுமென்றால் தாராளமாகக் கட்டலாம், காற்று புகும், ஆனால் கண்ணிகளுக்கு நடுவே அழுக்கு மசிபோல் அப்பிக்கொள்ளும், வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும் (வாட்சுக்குள் தண்ணீர் போகுமென்றால் செயினைக் கழற்றிவிட்டு). ஸ்பிரிங் செயின் வேண்டவே வேண்டாம், முடியைப் பிடுங்கும்.

இன்னொன்று, வெயிலில் கை லேசாக உப்பும். காலையில் கச்சிதமாக இருந்த பெல்ட் இரண்டு மணிக்கு இறுக்கும். அதனால் கடைக்கு மதியம் போய் அளவு பாருங்கள், சுண்டுவிரல் நுழைகிற இடம் விடுங்கள். போகும்முன் வாட்சில் பெல்ட் மாட்டுகிற இடத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், 18, 20, 22 மில்லிமீட்டர் என்று இருக்கும். அகலம் கூடினால் சரியாக உட்காராது, குறைந்தால் ஆடும்.

வாட்ச் கடைக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள். ஏப்ரல் மாதம் கண்ணாடிப் பெட்டியில் முன்னால் தோல் பெல்ட்டை அடுக்கி வைத்துவிட்டு நைலானைக் கேட்டால்தான் மேலே பரணிலிருந்து எடுக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
நகரப் பேருந்து நடத்துநர் ஒருவர்,
வேலூர்.