செயலாளர் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மன்றத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வழக்கம்போல மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உலக விவகாரங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத் துறையோடு சேர்ந்து தூத்துக்குடியிலேயே பொதுச் சொற்பொழிவும் பயிலரங்கும் நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஏழு நிகழ்ச்சிகளுக்குத் திட்டமிட்டு ஆறு நடத்தினோம். அக்டோபர் கூட்டம் மழையில் போயிற்று. நடந்த ஆறில் ஒன்று சொதப்பல். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே எழுந்து கேட்பீர்கள்.

முதல் சொற்பொழிவு ஜூனில், செங்கடல் பற்றி. இந்த ஊரில் கப்பலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் 1906-இல், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில்தான் தொடங்குவார்கள். பேராசிரியரும் அப்படியே தொடங்கினார், ஆனால் ஐந்து நிமிடத்தில் ஏடன் வளைகுடாவுக்கு வந்துவிட்டார். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்ததிலிருந்து பெரிய கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போவதையும், அதனால் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடுதலாவதையும் விளக்கினார். கப்பல் சுற்றிப் போனால் கண்டெய்னரும் திரும்பி வரத் தாமதமாகும், காலிப் பெட்டி கிடைக்காது, வாடகை ஏறும். ஏற்றுமதி செய்யும் நம் உறுப்பினர்கள் இருவர் இதைக் கேட்டுத் தலையாட்டிய ஆட்டலில் அவர்கள் பட்ட பாடு தெரிந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு தாய் எழுந்தார். அவர் மகன் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. "அந்தப் பக்கம் வர மாட்டேன்னு என் பிள்ளை சொல்லலாமா சார்?" என்று கேட்டார். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால், போர் அபாயப் பகுதியாக அறிவித்த இடத்துக்குப் போக மறுக்கும் உரிமை மாலுமிக்கு உண்டு என்று பேராசிரியர் சொன்னார். உடனே அந்த அம்மா, "ஒப்பந்தம் இல்லாத கப்பல்?" என்றார். அந்தக் கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இல்லை. இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

சொதப்பல், ஆகஸ்ட் கூட்டம். தலைப்பு 'பன்முனை உலக ஒழுங்கு'. அந்தத் தலைப்பை வைத்தது நான்தான், பழியும் எனக்கே. பேச்சாளர் ஒன்றேகால் மணி நேரம் ஆங்கிலத்தில், திரையைப் பார்த்தபடி படித்தார். பின்வரிசை ஒவ்வொருவராகத் தேநீருக்கு எழுந்து போனது, திரும்பவில்லை. சான்றிதழுக்காக வந்த மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் பதிவேட்டைக் கூட்டம் முடிந்த பிறகே நீட்டுகிறோம்.

செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபைப் பயிலரங்கு. பதினைந்து நாற்காலிகளை லாட வடிவில் போட்டு, சீட்டு எடுத்து, ஆளுக்கொரு நாடு. நம் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு மால்டா வந்தது. நம் மாவட்டத்து மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும் நாடு அது. "எனக்கென்ன பேச இருக்கு?" என்று சலித்துக்கொண்டவர், கடைசியில் எல்லாரையும்விட அதிகம் பேசினார். இந்தியாவின் நாற்காலி எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள். நமக்கு அங்கே நிரந்தர இடம் கிடையாது, எட்டாவது முறை தேர்வாகி இருந்தது 2021-22-இல், இப்போது வெளியேதான் என்று தெரிந்ததும் அறை கொஞ்சம் அமைதியானது. போர்நிறுத்தத் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஒன்பது வாக்குப் போதும், பதின்மூன்று விழுந்தது. ஒரு நாடு ஒதுங்கிக்கொண்டது. நிரந்தர உறுப்பினர் இடத்தில் இருந்த இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி மட்டும் எதிர்த்துக் கை தூக்கினார். நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்தாலே போதும், தீர்மானம் தோற்றது. "பதிமூணு பேர் சரின்னு சொல்லியுமா?" என்று மால்டா குதித்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சார், சீட்டு அப்படி வந்திருச்சு" என்றார்.

டிசம்பர் கூட்டம் பருவநிலை நிதி பற்றி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு ஓர் ஆண்டு நிறைந்த வாரத்தில் வைத்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பணக்கார நாடுகள் முன்னின்று 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவது என்று பாகூவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் முடிவானது, அது போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்த்தது, இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, பருவநிலை மாற்றத்தால் அடிபட்ட நாடுகளுக்கான இழப்பு-சேத நிதிக்கு வந்தார் பேச்சாளர். 2022-இல் எகிப்தில் ஒத்துக்கொண்ட நிதி. அதற்கு 2024 டிசம்பர் வரை நாடுகள் தருவதாகச் சொன்ன தொகை 70 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. முன்வரிசையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர், "அதுல என் பிரிட்ஜுக்கு எதுவும் வருமா?" என்றார். சிரிப்பு அடங்கியதும் பேச்சாளர் பொறுமையாகப் பதில் சொன்னார்: அந்தப் பணம் வீட்டுக்கு வராது, நாடுகளின் திட்டங்களுக்குப் போகும், அதிலும் மிகவும் நலிந்த நாடுகளுக்கு முன்னுரிமை. கடைக்காரர், "அப்ப பேங்க் கடன்தான்" என்று உட்கார்ந்தார்.

இந்த ஆண்டில் நான் மறக்கமாட்டாதது பிப்ரவரிப் பயிலரங்குதான். கடல் எல்லை எப்படிப் போடுகிறார்கள் என்பது பொருள். துறையினர் பெரிய கடல்வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, நான்கு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். ஆளுக்கொரு காம்பஸ், நூல், பென்சில். 1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் நாட்டின் எல்லைக்கடல். 200 மைல் வரை, மீனும் கடலடி வளமும் எடுக்கும் உரிமையுள்ள பொருளாதார மண்டலம். சரி, போடுங்கள் என்றார்கள். தனுஷ்கோடியில் முள்ளை ஊன்றி 12 மைலுக்கு வட்டம் போட்ட மாணவர், தலைமன்னாரிலும் ஊன்றினார். இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இரண்டு பன்னிரண்டையும் சேர்த்தால் 44 கி.மீ.; அங்கே கடல் இருப்பதோ ஏறக்குறைய 30 கி.மீ.தான். அதனால்தான் நாடுகள் உட்கார்ந்து பேசி நடுவே கோடு கிழிக்க வேண்டிவந்தது: பாக் நீரிணையில் 1974, மன்னார் வளைகுடாவில் 1976.

கச்சத்தீவு வராமல் இருக்குமா? வந்தது, அரை மணி நேரம் போனது. ஆனால் அதே 1976-இல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்வளம் மிகுந்த வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு என்று உறுதியான சங்கதி அங்கிருந்த பலருக்கும் புதிது. எனக்கும்தான்.

மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய பழைய தண்டல் ஒருவர் வந்திருந்தார். வரைபடத்தில் ஆழம் மீட்டரில் இருந்தது; அவருக்குப் பழகியதோ பாகம் என்ற பழைய ஆழக் கணக்கு. ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, "இது எத்தனை பாகம்?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு மாணவி செல்போனில் வகுத்து வகுத்துச் சொன்னார். இரண்டு இடத்தில் தண்டல் தலையசைத்து, "சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் பாம்பனிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த விசைப்படகு ஓட்டுநர், மடி என்று அவர்கள் சொல்லும் இழுவலையைப் பற்றிப் பேசினார். "கோடு போட்டுட்டீய, சரி. மடிய இறக்குனா மணிக்கணக்குல இழுக்கணும். ஜிபிஎஸ்ஸுல கோடு தெரியுதுன்னு நடுவுல தூக்க முடியுமா?" எதிர்க்கரையில் வலை அறுபடும் மீனவனும் தமிழன்தானே, கடலடியை வாரும் அடிமடி இழுப்பதை இலங்கை 2017-இலேயே தடைசெய்துவிட்டதே என்று ஒரு மாணவர் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. "அதுவும் உள்ளதுதான். படகுக் கடனை எவன் கட்டுவான்?" என்றார். அன்று ஐந்தரைக்கு முடிய வேண்டியது, காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை நடந்தது.

மார்ச்சில் அகதிகள் பற்றிய சொற்பொழிவு. 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும், 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர் முகாம்கள் நம் மாவட்டத்திலேயே இருப்பதும் பேசப்பட்டன. முகாமிலிருந்து யாரையும் அழைக்காமல் அவர்களைப் பற்றிப் பேசியது சரியில்லை என்று மகளிர் பிரிவு கடிதம் கொடுத்திருக்கிறது. செயற்குழு ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிக் கேள்வியைத் தன்னுடையதாக வைத்திருந்த நம் மூத்த உறுப்பினர் ஜனவரியில் காலமானார். அவர் கேள்விகள் நீளம் என்று நானே முணுமுணுத்தவன். மன்றத்தின் அஞ்சலி.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மக்ரூன் செலவு அதிகம் என்ற ஆட்சேபம் வந்திருக்கிறது. வெளியூர்ப் பேச்சாளருக்கு மட்டும் என்று குறைத்துக்கொள்கிறோம்.

வரும் ஆண்டுக்கு முதலில் அமெரிக்க வரி. 2025 ஏப்ரல் 2 அன்று நம் சரக்குக்கு 26 விழுக்காடு என்று அறிவித்து, ஒரு வாரத்தில் 90 நாள் தள்ளிவைத்தார்கள். இறால் ஏற்றுமதியாளர்கள் கேட்க ஆவலாக இருக்கிறார்கள். தமிழில் பேச ஒப்புக்கொள்பவரை மட்டுமே அழைப்பது என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன்.

கடைசியாக ஒன்று. பிப்ரவரியில் விரித்த கடல்வரைபடம் துறைக்குச் சொந்தமானது. யாரோ வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறீர்கள். யார் என்று கேட்க மாட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் மன்ற அலமாரியில் வைத்துவிடுங்கள்.

செயலாளர்
தூத்துக்குடி, மே 2025